யார் கணக்கை யார் பார்ப்பது?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பங்களின் வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் போவது கூலி உயர்வைப் பற்றி அல்ல. சரிகை விலையைப் பற்றியும் அல்ல. கதையைப் பற்றிப் பேசப் போகிறோம். அதிலும் துப்பறியும் கதை. அதிலும் பழைய காலத்தில் நடப்பதாக எழுதப்பட்ட துப்பறியும் கதை. அதில் துப்பறிகிறவள் ஒரு பெண்.

பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும்வரை தறிக்குழியில் கால் வைத்திருக்கிறவனுக்கும், பஞ்சாலையில் மூன்றாம் ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கும், சேற்றில் குனிந்து நாற்று நட்டு நிமிர்கிற பெண்ணுக்கும் இந்தக் கதை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் படிப்பகங்களில் அட்டை கிழிந்து, பக்கம் மடங்கி, கைக்குக் கை மாறி அழுக்கேறிய புத்தகம் எது? துப்பறியும் நாவல்தான். பாட்டாளி மக்கள் தாங்களாகவே தேடி எடுத்த புத்தகத்தைக் கேலி செய்துவிட்டுப் போவது அறிவுடைமை ஆகாது. அதில் அவர்களை இழுப்பது எது என்று பார்ப்பதுதான் நம் கடமை.

இழுப்பது இதுதான்: அந்தக் கதையில் ஒருவன் மேல் பழி விழுகிறது. பழியைச் சுமத்துகிறவன் பெரிய இடத்து ஆள், சுமக்கிறவன் கேட்பாரற்றவன். கடைசியில் உண்மை வெளியே வருகிறது. வாழ்க்கையில் எப்போதோ நடப்பது கதையில் தவறாமல் நடக்கிறது. அதனால்தான் ஜனங்கள் அதை விரும்புகிறார்கள்.

மதுரையில் நடந்த வழக்கு

தமிழில் துப்பறியும் கதை சீமையிலிருந்து கப்பலேறி வந்தது என்பார்கள். அது பாதி உண்மை. நம்முடைய முதல் துப்பு வழக்கு சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. அந்த வழக்கில் ஆதாரத்தைக் காட்டி வென்றது ஒரு பெண்.

பாண்டிமாதேவியின் கால்சிலம்பு காணாமல் போகிறது. எடுத்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். அந்தச் சமயம் பார்த்துக் கோவலன் மனைவியின் சிலம்பை விற்க அவனிடமே வருகிறான். கோவலன் வெளியூர்க்காரன், கையில் காசில்லாதவன், மதுரையில் அவனுக்காகப் பேச நாதியில்லை. திருடனாக்குவதற்கு இதைவிட வசதியான ஆள் யார் கிடைப்பார்? அரசனிடம் சேதி போகிறது. அரசன், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொல்கிறான். “இது யாருடைய சிலம்பு?” என்று கோவலனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரணைக்கு முன்பே தண்டனை முடிந்துவிட்டது.

இப்போது கண்ணகி வருகிறாள். அவள் கற்பின் பெருமையை ஆயிரம் மேடைகளில் பேசிவிட்டார்கள். அவள் நடத்திய விசாரணையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அரசவையில் அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. “என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம்” என்கிறாள். “எங்களுடையது முத்து” என்கிறான் அரசன். அவ்வளவுதான். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிந்தது.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் என்ன? வெளியே பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருப்பது எது என்று அதை அணிந்தவளுக்குத்தான் தெரியும். பொருளோடு பழகியவரிடம்தான் பொருளைப் பற்றிய சாட்சியம் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தறிக்கு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

மீட்கப்படும் பெண், மீட்கும் பெண்

இனி நாவலுக்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் துப்பறியும் நாவல்கள் மழைக்காலத்துக் காளானைப் போல் முளைத்தன. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908ல் வந்தது. அவருடைய துப்பறிவாளர் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி அடுக்கடுக்காக எழுதினார். இவர்களுடைய புத்தகங்களை விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் படிக்க ஊரே உட்கார்ந்து கேட்டது.

ஆனால் இந்தக் கதைகளில் பெண்ணின் இடம் என்ன? பெரும்பாலும் அவள் கடத்தப்படுவாள், பழி சுமப்பாள், கண்ணீர் வடிப்பாள். அவளை மீட்க ஓர் ஆண்பிள்ளை மாறுவேடத்தில் வந்து சேர்வார். அறிவு அவருக்கு, அவஸ்தை இவளுக்கு. இதுதான் பங்கீடு.

இந்தப் பங்கீட்டுக்குள் ஒரு பெண் பேனாவோடு நுழைந்தார். அவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901ல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே திருமணம் செய்துவைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு தாமே எழுத்தைக் கற்றார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையை ஏற்று நடத்தினார். முதல் நாவல் ‘வைதேகி’ அதில்தான் தொடராக வந்தது. துப்பறியும் கதைகளையும் எழுதினார். 1960ல் மறையும்போது 115 நாவல்கள் அவர் பெயரில் இருந்தன. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் சொல்வதற்கு ஒரு கதை உண்டு. அதைக் காகிதத்தில் இறக்க ஒரு தோழி வேண்டும். நம் பகுதிகளில் அந்தத் தோழியாக இருக்க வேண்டியவர்கள் யார் என்பதை நீங்களே யோசியுங்கள்.

காஞ்சியிலிருந்து புறப்பட்ட ஓலை

இப்போது எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய நாவலை எடுத்துக்கொள்வோம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950ல் தொடங்கிச் சுமார் மூன்றரை ஆண்டுகள் ‘கல்கி’ பத்திரிகையில் வாரந்தோறும் வந்தது. ஐந்து பாகம். 2022லும் 2023லும் இரண்டு படங்களாகவும் வந்துவிட்டது. இதைச் சரித்திர நாவல் என்று சொல்கிறோம். உண்மையில் இது ஒரு கொலை வழக்கின் கதை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதுதான் முடிச்சு.

அந்த முடிச்சின் ஒரு நுனி நம் காஞ்சியில் இருக்கிறது. நாவலில் ஆதித்த கரிகாலன் காஞ்சியில் இருக்கிறான். தந்தைக்காக இங்கே பொன்மாளிகை கட்டுகிறான். தஞ்சையில் இருக்கும் தந்தைக்கு ஒன்றும், பழையாறையில் இருக்கும் தங்கை குந்தவைக்கு ஒன்றுமாக இரண்டு ஓலைகளைக் கொடுத்து வந்தியத்தேவனை அனுப்புகிறான். கதை அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. பொன்மாளிகை வெறும் கற்பனை அல்ல. சுந்தர சோழரைக் கல்வெட்டுகள் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று குறிக்கின்றன. அந்த மாளிகை காஞ்சியில் இருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் கூறுவது.

அந்த நாவலில் துப்பறிகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, சம்பளத்துக்குத் துப்பறிகிறவர்கள். முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றனான ஆழ்வார்க்கடியானைப் போன்றவர்கள். மறு வகை, உத்தியோகம் எதுவும் இல்லாமல் துப்பறிகிறவள். அவள்தான் குந்தவை. அவளுக்கு மந்திரி பதவி இல்லை. படை இல்லை. சபையில் ஆசனம் இல்லை. பழையாறையில் உட்கார்ந்துகொண்டு அவள் செய்வது என்ன? வருகிறவர்களிடம் பேசுகிறாள். ஜோசியர் வீட்டில் யார் என்ன கேட்டார்கள் என்று பார்க்கிறாள். நோயாளிகளும் போர்வீரர்களின் குடும்பங்களும் வருகிற இடங்களில் காது கொடுக்கிறாள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒட்டிப் பார்க்கிறாள். கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் நள்ளிரவில் கூடிப் பட்டத்தை யாருக்குக் கட்டுவது என்று முடிவு செய்ததை வந்தியத்தேவன் வாயால் அறிந்ததும், அவள் கேட்பது ஒரே கேள்வி: இதனால் லாபம் யாருக்கு?

துப்பறியும் கலையின் அரிச்சுவடி இதுதான். எது நடந்தது என்று கேட்பவன் பார்வையாளன். யாருக்கு லாபம் என்று கேட்பவன்தான் துப்பறிகிறவன். ஆலை மூடப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும்.

ஆனால் கல்கி குந்தவையைச் சர்வ வல்லமை உள்ளவளாக ஆக்கிவிடவில்லை. நந்தினியின் பிறப்பைப் பற்றி அவள் ஒரு முடிவுக்கு வருகிறாள். பின்னால் அது நிலைக்கவில்லை. அண்ணன் கடம்பூருக்குப் போகக் கூடாது என்று காஞ்சிக்குச் சொல்லி அனுப்புகிறாள்; அண்ணன் கேட்கவில்லை. அவளுக்கு ஆபத்து தெரிகிறது. தடுக்கும் அதிகாரம் இல்லை. கடம்பூரில் கொலை விழுகிறது. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. உண்மையில் அங்கே கொலையைத் தடுக்கப் போனவன் அவன். இப்போது தஞ்சைப் பாதாளச் சிறையில் கிடக்கிறான். மறுபடியும் மதுரைக் கதைதான்! அருகே கிடைத்தவன் குற்றவாளி. அதுவும் ஊர் பேர் இல்லாத, நாடிழந்த வாலிபன் என்றால் இன்னும் வசதி.

வாயில்லாத சாட்சி

இந்த நாவலில் நம்மைப் போன்றவர்கள் தவறவிடக் கூடாத பாத்திரம் இன்னொன்று உண்டு. மந்தாகினி. ஊமை. கடலோரத்துக் கரையர் குலத்துப் பெண். அரண்மனையின் பழைய இரகசியங்களில் பலவும் அவளுக்குத் தெரியும். அவளைப் பார்க்காத சாட்சி இல்லை; அவளிடம் சாட்சி கேட்டவரும் இல்லை. அவள் கை ஜாடை யாருக்கு விளங்குகிறது? ராஜதந்திரிகளுக்கு விளங்கவில்லை. படகோட்டும் பெண் பூங்குழலிக்கு விளங்குகிறது. மந்தாகினி அவளுக்கு அத்தை. கடைசியில் சுந்தர சோழரைக் குறிவைத்து வந்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அந்த ஊமைப் பெண் சாகிறாள்.

கல்கி அரச குடும்பத்தின் மேல் அளவு கடந்த பாசம் வைத்து எழுதியவர். அரசர்களும் இளவரசிகளும் அவர் கையில் பொன்னாகப் பளபளக்கிறார்கள். பொன்மாளிகைக்குக் கல் சுமந்தவனுடைய பெயரை அந்த ஐந்து பாகத்தில் தேடினால் கிடைக்காது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதே கல்கி, இரகசியத்தின் சாவியை ஓர் ஊமைப் பெண்ணின் கையிலும் ஒரு படகுக்காரியின் கையிலும் கொடுத்திருக்கிறார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலை செய்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் பாஷை மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த நாவலில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பொன் இதுதான்.

கல்லில் இருக்கும் வழக்கு

சரி, இது கதை. உண்மையில் நடந்தது என்ன?

உண்மையில் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். அதற்கு ஆதாரம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. அவன் பட்டத்துக்கு வந்தது 985ல். கொலை நடந்தது அதற்குச் சுமார் 15 ஆண்டுகள் முன்பு. இடையில் அரசாண்டவர் உத்தம சோழர். கல்வெட்டில் கொலைகாரர்களின் பெயர்கள் வருகின்றன: சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று. இவர்களில் ரவிதாசனுக்கும் பரமேஸ்வரனுக்கும் ‘பிரமாதிராயன்’ என்று முடியும் பட்டங்கள். அதாவது இவர்கள் காட்டிலிருந்து வந்த கொள்ளைக்காரர்கள் அல்ல. அரசு கொடுத்த பட்டத்தைச் சுமந்தவர்கள்!

தோழர்களே, அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். எந்த இரவில் நடந்தது என்று இல்லை. யார் ஏவினார்கள் என்று இல்லை. வாக்குமூலம் இல்லை. தூக்கைப் பற்றிப் பேச்சில்லை. இருப்பது நிலம்! துரோகிகளுடைய நிலமும், அவர்களுடைய தம்பிமார், மக்கள், மாமன்மார் என்று உறவினர் வரிசையின் நிலமும் பறிமுதல் ஆன விவரம். அந்த நிலம் விற்கப்பட்டுக் கைமாறிய விவரம். ஓர் இளவரசனின் கொலை சரித்திரத்தில் பதிவாகி நிற்பது ஒரு நிலப் பத்திரத்தின் ஓரத்தில்தான்.

தண்டனை அப்போதுதான் வந்ததா, அல்லது முன்பே வந்த தண்டனையின் கடைசிக் கணக்கா அது என்பதில் அறிஞர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர் மேல் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். வழக்கு இன்றும் முடியவில்லை. கல்கியும் கதையில் ஒரே பதிலை அடித்துச் சொல்லாமல் விட்டது இதனால்தான்.

நாம் இங்கே இன்னொரு கேள்வியைச் சேர்க்கலாம். நிலம் துரோகி கையிலிருந்து சபையின் கைக்குப் போயிற்று. சபையிடமிருந்து வாங்கியவர் கைக்குப் போயிற்று. அவர் அதை அறக்கட்டளைக்குக் கொடுத்தார். உழுதவன் யார் கைக்குப் போனான்? கல் பேசவில்லை. கொலைகாரனுடைய பெயரைப் பொறித்த உளி, அந்த நிலத்தில் ஏர் பிடித்தவனுடைய பெயரைப் பொறிக்கவில்லை. பண்ணை கைமாறினாலும் களத்துமேட்டில் மரக்கால் மாறவில்லை என்பதைக் கீழத்தஞ்சை உழவுத் தொழிலாளியிடம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காஞ்சி நெசவாளர் கையில் கணக்கு

நெசவாளர்களாகிய உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. யார் மேல் கொலைப் பழி பேசப்படுகிறதோ, அந்த உத்தம சோழரின் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பேசுவது எந்த ஊரைப் பற்றி? கச்சிப்பேடு என்று அன்று சொல்லப்பட்ட இந்தக் காஞ்சியைப் பற்றி. ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வரவு செலவைப் பற்றி. கருவுளான்பாடி, கம்சகப்பாடி முதலிய நான்கு குடியிருப்புகள் அதில் வருகின்றன. அங்கே குடியிருந்தவர்கள் பட்டசாலிகள், துணி நெய்தவர்கள். கோயில் பொருளை மேற்பார்க்கும் பொறுப்பும், கணக்கு வைக்கும் பொறுப்பும் இந்தக் குடியிருப்புகளுக்கு வந்தன.

அது மன்னராட்சிக் காலம். அன்று எல்லாம் பொற்காலமாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது ஒன்றே. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் நெசவாளி கணக்குப் பார்த்தான். “உனக்குக் கணக்குத் தெரியுமா?” என்று இன்று ஒருவன் நெசவாளியைப் பார்த்துக் கேட்டால், பதில் செப்பேட்டில் இருக்கிறது.

தொலைந்த பட்டு

இப்போது தறிக்கு வருவோம். 2008ல் ‘காஞ்சிவரம்’ என்று ஒரு படம் வந்தது. பிரியதர்ஷன் எடுத்தது, பிரகாஷ்ராஜ் நெசவாளியாக நடித்தார். 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. மகள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை தருவதாக வாக்குக் கொடுத்த நெசவாளி, அது வாங்கக் கதியில்லாமல், வேலை செய்யும் இடத்திலிருந்து நூலைச் சிறுகச் சிறுகக் கொண்டுவந்து இரகசியமாக நெய்கிறான். அகப்படுகிறான். வாழ்நாள் முழுதும் ஊருக்குப் பட்டு நெய்தவன் தன் மகளுக்கு நெய்தபோது திருடன் ஆனான். படம் பார்த்தவர்கள் அழுதார்கள். நாம் அழுவதோடு நிற்கக் கூடாது. கணக்கையும் பார்க்க வேண்டும்.

படத்தில் அவன் எடுத்தான். நாம் கேட்பது, எடுக்காத வீட்டில் நூல் குறைவது எப்படி என்பது. பாவும் ஊடையும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். சேலை நெய்து போனதும் எடை போடுகிறார்கள். சேதாரம் கழித்தது போகக் குறைந்தால் கூலியில் பிடித்தம். வாய்ச்சொல்லில் திருட்டுப் பட்டம். வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தார் சுற்றிய பெண்ணும் எடுக்கவில்லை. கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பையனும் எடுக்கவில்லை. பின் பட்டு எங்கே போயிற்று? கதாசிரியர்களே எழுதாத மர்மக் கதை இது!

துப்பு இரண்டு உண்டு. முதல் துப்பு, பசை. கச்சாப் பட்டு நூலில் இயற்கையாகவே பசை இருக்கிறது. பட்டுப்புழு கூடு கட்டும்போது சேர்வது அது. சோப்பு நீரில் காய்ச்சிப் பசை எடுத்தால் எடையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்குவரை போய்விடும். எந்த நிலையில் இருந்த நூலின் எடையைச் சிட்டையில் எழுதினார்கள்? காய்ச்சும் முன்பா, பின்பா? இதைக் கேட்காமல் போட்ட கணக்கு கணக்கே அல்ல.

இரண்டாம் துப்பு, ஈரம். பட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கையால் தொட்டால் தெரியாது. அதனால்தான் உலக வர்த்தகத்திலேயே, முழுக்க உலர்ந்த 100 கிராம் பட்டுக்கு 11 கிராம் ஈரம் சேர்த்து எடை கணக்கிடும் வழக்கம் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் நிறுத்துக் கொடுத்த நூலும், சித்திரை வெயிலில் நிறுத்து வாங்கிய சேலையும் ஒரே எடை காட்டுமா? குறைந்தது நூலா, நூலுக்குள் இருந்த தண்ணீரா? தண்ணீர் வெயிலில் போயிற்று. பழி நெசவாளி வீட்டில் தங்கிற்று.

இந்த இரண்டு துப்பையும் முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர் யார்? கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்திருப்பவர் அல்ல. நூலைத் தினமும் கையில் எடுத்துச் சுற்றுகிற பெண். மழைநாளில் நூல் எப்படி இருக்கும், வெயிலில் எப்படி முறுகும் என்று அவள் விரலுக்குத் தெரியும். சிலம்பின் உள்ளே இருந்த பரல் கண்ணகிக்குத் தெரிந்ததுபோலத் தெரியும். ஆனால் மந்தாகினியைப் போல அவளிடமும் யாரும் சாட்சி கேட்பதில்லை. கூலிக் கணக்குப் பேசப் போகும்போது ஆண்கள் மட்டும் போகிறோம். அவள் வீட்டில் இருக்கிறாள். உண்மையைச் சொல்லத் தெரிந்த சாட்சியை வீட்டில் பூட்டிவிட்டு வழக்காடப் போனால் வழக்கு எப்படி ஜெயிக்கும்?

பெண் ஏன் துப்பறிய வேண்டும்?

இதையே உலகத்தில் மற்றவர்களும் இன்று உணர்ந்து எழுதுகிறார்கள். சுஜாதா மாசி என்ற எழுத்தாளர் 1921ஆம் ஆண்டு பம்பாயில் நடப்பதாக ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார், 2018ல் வந்தது. பர்வீன் மிஸ்திரி என்ற பெண் வக்கீல் அதில் துப்பறிகிறாள். ஒரு மில் முதலாளி இறந்துவிட்டார். மூன்று விதவைகள் திரைக்குப் பின்னால் வாழ்கிறார்கள். அந்நிய ஆண்களிடம் பேச மாட்டார்கள். தங்கள் சொத்தை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் கையெழுத்திட்ட காகிதம் ஒன்று வெளியே வருகிறது. ஆண் வக்கீல் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பெண் உள்ளே போகிறாள், கேட்கிறாள், அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது கையெழுத்திட்டவர்களுக்கே சரியாகத் தெரியாது என்று புரிகிறது. கைநாட்டு வைத்துக் கடன் வாங்கிய நம் வீடுகளுக்கு இது புதிய கதையா?

அதே 1921ஆம் ஆண்டில் பெங்களூரில் நடப்பதாக ஹரிணி நாகேந்திரா ஒரு நாவல் எழுதினார், 2022ல் வந்தது. அதில் துப்பறிகிற காவேரி வக்கீலும் அல்ல, போலீசும் அல்ல. ஒரு டாக்டரின் இளம் மனைவி. அவளுக்குப் பிடித்தது கணிதம். கணக்கில் விடை வராவிட்டால் எந்தப் படியில் பிழை என்று பின்னோக்கிப் பார்ப்பது அவள் பழக்கம். கொலையிலும் அதையே செய்கிறாள்.

இந்தப் பெண்கள் எல்லோரும் வசதியான வீட்டுப் பெண்கள். இளவரசி, வக்கீல், டாக்டர் மனைவி. தார் சுற்றும் பெண்ணும், களை எடுக்கும் பெண்ணும், ஆலையில் இழை முடிகிற பெண்ணும் துப்பறிகிற சரித்திர நாவல் நம் தமிழில் எழுதப்பட வேண்டும். அதை எழுத வேண்டியவர் எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. இந்தக் கூட்டத்திலேயே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

முடிவாக ஒன்றிரண்டு சொல்லி நிறுத்திக்கொள்வோம்.

படிப்பகத்தில் துப்பறியும் நாவல் படியுங்கள். தனியாகப் படிக்காதீர்கள், ஒருவர் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பழி யார் மேல் விழுந்தது? லாபம் யாருக்குப் போயிற்று? கணக்கு யார் கையில் இருக்கிறது? உண்மை தெரிந்தும் கேட்கப்படாத சாட்சி யார்? இந்த நான்குக்கும் பதில் தேடிப் பழகியவனை எந்தச் சிட்டையாலும் ஏமாற்ற முடியாது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நூல் வந்த நாள், அன்று மழையா வெயிலா, காய்ச்சிய நூலா கச்சாவா, தராசு யாருடையது, எடை எவ்வளவு என்று எழுதுங்கள். சேலை கொடுத்த நாளிலும் இதையே எழுதுங்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள் நாளையும் ஆளையும் அளந்த கூலியையும் எழுதுங்கள். ஆலைத் தொழிலாளர்கள் ஷிப்டையும் பிடித்தத்தையும் எழுதுங்கள். எழுதுகிற பொறுப்பு வீட்டுப் பெண்களிடம் இருக்கட்டும். எழுதத் தெரியாத பெண் வாயால் சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும். கோதைநாயகி அம்மாள் அப்படித்தான் தொடங்கினார்.

ஒரு வீட்டு நோட்டு ஒரு வீட்டுக் குறையைச் சொல்லும். ஒரு தெருவின் நோட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எல்லா வீட்டிலும் ஒரே மாதத்தில் பட்டு குறைந்திருப்பது தெரியும். அத்தனை வீட்டிலும் ஒரே மாதத்தில் திருடர்கள் பிறந்துவிட்டார்கள் என்று எந்த நியாயஸ்தர் சொல்வார்? அப்போது பதில் சொல்ல வேண்டியது தெருவல்ல, தராசு.

கண்ணகிக்கு உண்மை நிரூபணமாயிற்று. கணவன் திரும்பி வரவில்லை. கணவன் உயிரோடு இருக்கும்போதே, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஆகவே தோழர்களே, அடுத்த முறை கூலிக் கணக்குப் பேசப் போகும்போது, நோட்டை எடுத்துக்கொண்டு பெண்களும் முன்வரிசையில் வரட்டும்!